ஒரே பேண்ட், பல மோடு: குறுக்கீடு வந்தால் எங்கிருந்து தேடுவது

ஞாயிறு காலை, ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் நாற்பது மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பகுதி) நெட், அதாவது பலர் ஒன்றுகூடிப் பேசும் வானொலிக் கூட்டம், ஓடிக்கொண்டிருக்கிறது. செக்-இன் பாதி முடிந்த நேரத்தில், யாரோ பழைய ஹார்மோனியத்தில் ஒரே கட்டையை நடுங்க நடுங்க அழுத்துவது போல ஒரு சத்தம் பின்னால் கிளம்புகிறது. பன்னிரண்டு வினாடி இருந்துவிட்டு நிற்கிறது. மறுபடி வருகிறது. "எவனோ வேணும்னே ஜாம் பண்றான்" என்று ஒரு பெரியவர் மைக்கில் சீறுகிறார். அந்த 'எவனோ' ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஸ்பீக்கரைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, கணினித் திரையை மட்டும் பார்த்தபடி காபி குடித்துக்கொண்டிருப்பார். நெட் நடப்பதே அவருக்குத் தெரியாது. மைக்கில் என்ன திட்டினாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மோடுகளுக்குள் (பேச்சு, மோர்ஸ், டிஜிட்டல் என்ற அனுப்பும் முறைகளுக்குள்) நடக்கும் சண்டையில் வேண்டுமென்றே செய்வது குறைவு. தன் சிக்னல் உண்மையில் எங்கே போய் விழுகிறது என்று அனுப்புகிறவருக்குத் தெரிவதில்லை. எதிராளி எதை வைத்துக் கேட்கிறார் என்று நமக்கும் தெரிவதில்லை. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேரே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மீதி எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

டயல் காட்டுவது வாசல் எண் மட்டும்

ரிக்கின், அதாவது நம் வானொலிப் பெட்டியின், டயலில் தெரியும் எண் வீட்டின் வாசல் எண் மாதிரி. வீடு அந்த வாசலுக்கு எந்தப் பக்கம், எத்தனை அடி அகலம் என்பதை மோடுதான் முடிவு செய்கிறது. எஸ்எஸ்பி என்ற ஒற்றைப் பக்கப் பேச்சு முறையில் குரல் சுமார் 2.7 கிலோஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும். எல்எஸ்பி என்றால் டயலுக்குக் கீழே, யூஎஸ்பி என்றால் மேலே. (கணினியில் கேபிள் செருகும் யூஎஸ்பி வேறு. புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.) பத்து மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சு எல்எஸ்பி, மேலே யூஎஸ்பி என்பது வழக்கம். ஆனால் கணினி வழியே சிறு செய்திகள் அனுப்பும் எஃப்டி8 போன்ற டிஜிட்டல் மோடுகள் எந்த பேண்டாக இருந்தாலும் யூஎஸ்பிதான். நாற்பது மீட்டர் சண்டைக்குப் பாதிக் காரணம் இதுவே.

கை மோர்ஸ் 150 ஹெர்ட்ஸ் அளவில் அடங்கிவிடும். ஒரு எஃப்டி8 சிக்னல் 50 ஹெர்ட்ஸ், தட்டச்சு அரட்டைக்கான பிஎஸ்கே31 அதைவிடக் குறைவு, அலை எவ்வளவு தூரம் போகிறது என்று சோதிக்கும் விஸ்பர் வெறும் 6 ஹெர்ட்ஸ். ஏஎம் 6 கிலோஹெர்ட்ஸ் கேட்கும். எஃப்எம் அதற்கும் மேல்.

அறிகுறி: எந்த மோடுக்கு மாற்றினாலும், எங்கே திருப்பினாலும் இரைச்சல்

இது மோடு பிரச்சினை இல்லை, வீட்டுப் பிரச்சினை. ரிக்கை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் போய்விட்டதா? அப்படியானால் ஒவ்வொரு எம்சிபியாகத் திரும்பப் போட்டு, எது கொண்டுவருகிறது என்று பிடியுங்கள். போகவில்லை என்றால் பக்கத்து வீடு, தெருவிளக்கு, சோலார் இன்வெர்ட்டர் என்று தேட வேண்டும். ஒரு வாரம் முழுக்க நான் ஒரு டிஜிட்டல் நிலையத்தின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அது பூஜை அறை எல்இடி பல்பு. தினமும் மாலை ஆறரைக்குச் சரியாக ஆரம்பித்ததை முதலிலேயே கவனித்திருக்கலாம்.

அறிகுறி: பேசிக்கொண்டிருக்கும்போது நடுங்கும் சீட்டி

முதலில் கைபேசியில் வினாடி முள்ளைப் பாருங்கள். சத்தம் 0, 15, 30, 45 ஆகிய வினாடிகளில் தொடங்கி, பன்னிரண்டரை வினாடிக்குச் சற்று மேல் நீடித்து நின்றால் அது எஃப்டி8. ஏழரை வினாடிக் கட்டங்களாக வேகமாக மாறினால் எஃப்டி4. இரண்டு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே சுரமாக இழுத்தால் விஸ்பர். இரண்டு சுரம் மாறி மாறி "டிடில்டிடில்" என்று ஓடினால் ஆர்டிடிஒய் (வானொலித் தட்டச்சு). சுரம் மேலும் கீழும் வழுக்கி, சீரான இடைவெளியில் "டிக்... டிக்" என்று கேட்டால் யாரோ எஸ்எஸ்டிவியில் படம் அனுப்புகிறார்கள். இயந்திரத் துப்பாக்கி மாதிரி விடாமல் தட்டிக்கொண்டு, பத்து இருபது கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவியிருந்தால் அது ஹாமே இல்லை, ஏதோ ஒரு நாட்டின் ரேடார். அதோடு மல்லுக்கட்டாமல் இடம் மாறுங்கள்.

எஃப்டி8 என்று உறுதியானால் அடுத்து கணக்கு. நாற்பது மீட்டரில் அதன் டயல் 7.074 மெகாஹெர்ட்ஸ், யூஎஸ்பி. வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் கணினித் திரையில்) 200 முதல் 2800 ஹெர்ட்ஸ் வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆக காற்றில் அது 7.0742 முதல் 7.0768 வரை. நீங்கள் எல்எஸ்பியில் 7.077 வைத்துப் பேசினால் உங்கள் குரல் 7.0743 முதல் 7.0767 வரை விழுகிறது. அளவெடுத்துத் தைத்தது போல அப்படியே அவர்கள் மேல்! "நான் 7.074-இல் இல்லையே, மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தானே இருக்கிறேன்" என்று நெட் நடத்துகிறவர் சொல்வார். டயலைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. காற்றில் தவறு. வேடிக்கை என்னவென்றால், அதே மனிதர் எல்எஸ்பியில் சரியாக 7.074-இலேயே பேசியிருந்தால் காகிதக் கணக்குப்படி யாரையும் தொட்டிருக்க மாட்டார். ஒரு வாசலில் நின்று ஒருவர் கீழே போகிறார், இன்னொருவர் மேலே போகிறார்.

எனவே எல்எஸ்பி டயல் 7.0745-இலிருந்து 7.0795 வரை வைக்காதீர்கள். எஃப்டி8-க்குச் சற்று மேலே 7.078-இல் ஜேஎஸ்8கால் என்ற டிஜிட்டல் அரட்டை மோடின் கூட்டம் இருக்கும், அவர்களும் யூஎஸ்பி. அவர்களையும் விட்டு வைக்க வேண்டுமென்றால் 7.085-க்கு மேலே போய்விடுவது நிம்மதி.

இந்த இடம் ஏன் இப்படி நடுத்தெருவில் அமைந்தது? அமெரிக்காவில் நாற்பது மீட்டர் பேச்சு 7.125-க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. அவர்களுக்கு 7.074 டேட்டா பகுதிக்குள் வருகிறது, அங்கே பேச்சுக்காரர் வரவே முடியாது. இந்தியாவில் நிலைமை வேறு. பல ஆண்டுகள் நமக்கு 7.000 முதல் 7.100 வரை மட்டுமே இருந்தது. ஒலிபரப்பு நிலையங்கள் 7.100 முதல் 7.200 வரையிலான இடத்தை 2009 மார்ச் 29-க்குள் காலி செய்ய வேண்டும் என்று 2003 உலக வானொலி மாநாட்டில் முடிவானது. இன்று நம் உரிமத்திலும் 7.200 வரை இருக்கிறது. ஆனாலும் கால் பழகிய பாதை விடுமா? நெட்கள் பலவும் இன்னும் 7.1-க்குக் கீழேயே கூடுகின்றன. 2017-இல் எஃப்டி8 வந்தபோது அந்தப் பழைய தெருவிலேயே வந்து கடை போட்டது. இதில் யார் ஆக்கிரமிப்பாளர் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இரண்டு தரப்புக்கும் பேண்ட் சொந்தமில்லை, இரண்டு தரப்புக்கும் உரிமை உண்டு. இருந்தாலும் ஒன்று சொல்வேன். டிஜிட்டல்காரர்கள் உலகம் முழுக்க ஒரே இடத்தில் கூடினால்தான் அவர்களுக்கு வேலை நடக்கும். நெட் எங்கே வேண்டுமானாலும் கூடலாம். பத்து கிலோஹெர்ட்ஸ் நகர்வது நெட்டுக்குத்தான் எளிது.

விஸ்பருக்கும் இதே கணக்கு. டயல் 7.0386 என்று சொன்னாலும் அது காற்றில் விழுவது 7.0400 முதல் 7.0402 வரை, இருநூறே ஹெர்ட்ஸ். அங்கே கால் வாட்டில் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் மேல் எல்எஸ்பி 7.042 போட்டால் மொத்தமாகப் புதைந்துவிடுவார்கள்.

அறிகுறி: உங்கள் எஃப்டி8 சிக்னல் இரண்டு மூன்று இடத்தில் தெரிவதாகச் சொல்கிறார்கள்

இது எனக்கே நடந்தது. 700 ஹெர்ட்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்னொரு ஊர் நண்பர் போன் செய்து, "அண்ணா, உங்க கால் சைன் 1400-லயும் வருது, 2100-லயும் லேசா நிழல் விழுது" என்றார். (கால் சைன் என்பது ஒவ்வொரு நிலையத்துக்குமான அடையாளப் பெயர்.) எண்களைப் பாருங்கள்: இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. கணினியிலிருந்து ரிக்குக்குப் போகும் ஆடியோ அதிகமாகி, எங்கோ சதுரமாக வெட்டுப்பட்டு, ஹார்மோனிக் (மடங்கு அதிர்வெண்ணில் விழும் நிழல்) கிளம்புகிறது. என் ஒருவன் சிக்னல் மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

சரிசெய்வது சிரமமில்லை. ரிக்கின் மீட்டரை ஏஎல்சிக்கு (பவர் எல்லை மீறாமல் தானே அடக்கும் அமைப்பு) மாற்றுங்கள். கணினி ஒலியளவை முதலில் நன்றாக இறக்கிவிட்டு, பவர் ஏறும்வரை மெதுவாக ஏற்றுங்கள். ஏஎல்சி முள் அசைய ஆரம்பித்ததும் கொஞ்சம் பின்வாங்குங்கள். ஸ்பீச் கம்ப்ரெசர் அணைந்திருக்க வேண்டும், ரொம்பப் பேர் மறப்பது இதைத்தான். அப்புறம் மென்பொருளில் ஸ்ப்ளிட் என்ற வசதியை இயக்குங்கள். அது ரிக்கின் டயலைத் தானே நகர்த்தி ஆடியோவை 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் வைத்துக்கொள்ளும். அங்கே ஹார்மோனிக் பிறந்தாலும் 3000-க்கு மேல் போய் ரிக்கின் ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும்.

நிழல்கள் மடங்குகளாக இல்லாமல், சிக்னலின் இரு பக்கமும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வேலி போட்டது போல நின்றால் அது மின்சார ஹம். கணினிக்கும் ரிக்குக்கும் இடையிலான எர்த் லூப்பைப் (எர்த் இணைப்பு இரு வழியாகச் சுற்றுவதை) பாருங்கள்.

பவர் பற்றியும் ஒரு வார்த்தை. இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே கிடக்கும் சிக்னலையும் இந்த மோடு படித்துவிடும். பக்கத்து மாநிலத்தைப் பிடிக்க நூறு வாட் எதற்கு?

அறிகுறி: மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருப்பவர் உங்கள் மேல் தெறிக்கிறார்

அவரைக் குற்றம் சொல்லும் முன் உங்கள் ரிசீவரில் நாய்ஸ் பிளாங்கரை (துடிப்பு இரைச்சலை வெட்டும் வசதி) அணையுங்கள், ப்ரீஆம்பை (சிக்னலைப் பெருக்குவது) அணையுங்கள், அட்டென்யுவேட்டரைப் (சிக்னலைக் குறைப்பது) போடுங்கள். தெறிப்பு மாயமாக மறைந்தால் தவறு உங்கள் பக்கம். பலமான சிக்னலில் நாய்ஸ் பிளாங்கர் செய்யும் கூத்து கொஞ்சநஞ்சம் இல்லை. அப்படியும் மறையவில்லையா? அப்போது மரியாதையாகச் சொல்லலாம்: "சார், உங்க ஆடியோ கொஞ்சம் அகலமா வருது, மைக் கெயினைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கிறீங்களா?"

அறிகுறி: வாட்டர்ஃபாலில் கோடுகள் தெரிகின்றன, கிட்டத்தட்ட எதுவும் டீகோட் ஆகவில்லை (எழுத்தாக மாறவில்லை)

கணினிக் கடிகாரம்தான் முதல் சந்தேகம். இரண்டு வினாடி தவறினாலே எஃப்டி8 தடுமாறும். டீகோட் ஆகும் ஒன்றிரண்டு வரிகளில் டிடி (நேர வித்தியாசம்) என்ற பத்தியைப் பாருங்கள். எல்லோருக்கும் 1.5 என்று காட்டினால் எல்லோரும் தாமதமில்லை, நீங்கள்தான் தவறு. இணையம் இல்லாத இடத்தில் ஒரு ஜிபிஎஸ் டாங்கிள் போதும். நேர மண்டலம் தவறாக இருந்தால் டீகோட் கெடாது, லாக்தான் (தொடர்புகளின் பதிவேடு) கெடும். ஐந்தரை மணி நேர வித்தியாசம் பதினைந்து வினாடிக்குச் சரியாக வகுபடுகிறது.

அடுத்து, ரிக் எல்எஸ்பியில் கிடக்கிறதா என்று பாருங்கள். நெட் முடிந்து அப்படியே டிஜிட்டலுக்குத் தாவுகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது. மூன்றாவது, நீங்கள் நிற்பது 7.0475-ஆக இருந்தால் அங்கே இருப்பவர்கள் எஃப்டி4.

அறிகுறி: இடம் காலியாக இருந்தது, அழைத்தேன், உடனே திட்டு விழுந்தது

காலியாகக் கேட்பதும் காலியாக இருப்பதும் ஒன்றல்ல. மோர்ஸ்காரர் 250 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டுக்கொண்டு கேட்டால் அரை கிலோஹெர்ட்ஸ் தள்ளி நடக்கும் பேச்சு அவர் காதில் விழாது. எஃப்டி8காரர் காதையே பயன்படுத்துவதில்லை. இதற்கெல்லாம் மேலே ஸ்கிப் என்று ஒன்று இருக்கிறது. இருபது மீட்டரில் முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருப்பவரின் அலை உங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். அவர் ஐரோப்பாவோடு பேசிக்கொண்டிருப்பார், உங்களுக்குப் பாதி உரையாடல்கூடக் கேட்காது.

ஆகவே மோர்ஸில் "க்யூஆர்எல்?" (இந்த இடத்தில் யாராவது இருக்கிறீர்களா?) என்று ஒருமுறை அடித்துவிட்டு, சில வினாடி பொறுத்து, மறுபடி அடியுங்கள். பேச்சில் "இந்த ஃப்ரீக்வென்சி யாராவது பயன்படுத்துகிறீர்களா?" என்று இரண்டு முறை கேளுங்கள். எஃப்டி8 என்றால் அனுப்பும் முன் ஃபில்டரை முழுதாகத் திறந்து, ஹெட்ஃபோனில் முப்பது வினாடி காதால் கேளுங்கள். குரல் இருந்தால் ஆடியோ ஆஃப்செட்டை (வாட்டர்ஃபாலில் உங்கள் இடத்தை) மாற்றி ஓரமாகப் போய்விடுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஆளுக்கு ஓரம் எப்போதும் கிடைக்கும்.

இருபது மீட்டரில் 14.100 பார்ப்பதற்கு எப்போதும் காலி மனை மாதிரி இருக்கும். ஆனால் அது பதிவான மனை. உலகம் முழுக்கப் பதினெட்டு பீக்கன்கள் (தானாக அனுப்பும் அடையாள நிலையங்கள்) மூன்று நிமிடச் சுற்றில் ஆளுக்குப் பத்து வினாடி அங்கே அனுப்புகின்றன. ஒவ்வொன்றும் கால் சைனை மோர்ஸில் சொல்லி நான்கு நீள் கோடு போடும். கால் சைனும் முதல் கோடும் 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசி 0.1 வாட். கொழும்பின் 4எஸ்7பி-யும் அந்த அட்டவணையில் இருக்கிறது. நம் கடிகாரத்திலேயே பார்க்கலாம்: 10:01:30, 10:04:30, 10:07:30 என்று மும்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதன் முறை. அதற்கு முந்தைய பத்து வினாடி ஹாங்காங்கின் விஆர்2பி. மதுரையிலிருந்து கொழும்பு கூப்பிடு தூரம்தான், இருந்தாலும் ஹாங்காங் கேட்கும், கொழும்பு கேட்காத நாள் உண்டு. மேலே சொன்ன ஸ்கிப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்த 0.1 வாட் கோட்டுக்காக உலகில் எங்கோ ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் ட்யூனரைச் சரிசெய்யாதீர்கள். ஒரு கிலோஹெர்ட்ஸ் கீழேயும் மேலேயும் சேர்த்து விட்டுவிடுங்கள்.

அறிகுறி: வார இறுதியில் பேண்ட் முழுக்கக் கூச்சல்

போட்டி நடக்கிறது. அக்டோபரின் கடைசி முழு வார இறுதி என்றால் சிக்யூ உலகப் போட்டியின் பேச்சுப் பிரிவு, நவம்பரில் அதே கணக்கில் மோர்ஸ். 30, 17, 12 மீட்டர்களில் போட்டி கிடையாது, அங்கே போய்விடுங்கள். முப்பதில் பேச்சு வேண்டாம். மொத்தமே 50 கிலோஹெர்ட்ஸ், குறுகிய மோடுகளுக்கென்றே விட்டு வைத்திருக்கிறார்கள்.

அறிகுறி: இரண்டு மீட்டரில் ஸ்க்வெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் கதவு) திறந்து "கர்ர்ர்" என்கிறது

கைப்பெட்டி வைத்திருப்பவர்களின் நிரந்தரப் புகார் இது. மோட்டார் படகு போலச் சீராகத் துடித்தால் யாரோ டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் குரல் மோடில் பேசுகிறார்கள். இரண்டு டைம் ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் அனுப்புவதால் அந்தத் துடிப்பு. சலசலவென்று தொடர்ச்சியாக இருந்தால் அதே இனத்து சி4எஃப்எம் அல்லது டி-ஸ்டாராக இருக்கலாம். உங்கள் பெட்டியில் கேட்கும் பக்கமும் சிடிசிஎஸ்எஸ் டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் தாழ்ந்த அடையாளச் சுரம்) வையுங்கள், டிஜிட்டல் சிக்னலுக்கு ஸ்க்வெல்ச் திறக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: காதில் விழவில்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகாது. பேசும் முன் மானிட்டர் பட்டனை அழுத்திக் கேளுங்கள். டிஜிட்டல் பெட்டிக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன். 'சேனல் பிஸியானால் அனுப்பாதே' என்ற அமைப்பு உங்கள் மெனுவில் இருக்கிறது, அது சும்மா இருப்பதற்கு வைக்கப்படவில்லை.

145.800 முதல் 146.000 வரை உள்ளூர் அரட்டைக்கு வேண்டவே வேண்டாம், அது செயற்கைக்கோள்களுடையது. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வீரர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவதும் 145.800-இல்தான் இறங்குகிறது. அந்தப் பத்து நிமிடம் போனால் பிள்ளைகளுக்கு மறு வாய்ப்பு கிடையாது.

செயற்கைக்கோளில் மோடு தவறினால் விளைவு இன்னும் மோசம். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் ஹாம்சாட், அதாவது விஓ-52, 2014 வரை வேலை செய்தது. அதன் லீனியர் டிரான்ஸ்பாண்டர் (மேலே வருவதை அப்படியே வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவி) 60 கிலோஹெர்ட்ஸ் அகலம், மோர்ஸும் எஸ்எஸ்பியும் பல பேர் ஒரே நேரத்தில் பேசலாம். அதில் ஒருவர் எஃப்எம் போட்டால் போதும், கோளின் பவர் முழுவதையும் அவரே உறிஞ்சிக்கொள்ள, மற்றவர்கள் அத்தனை பேரும் அமுங்கிப் போவார்கள். ஒருவர் மட்டும் பந்தியில் அண்டாவோடு சாப்பிடுவது மாதிரி. பேசும்போது உங்கள் சிக்னலே கீழே பலவீனமாகத் திரும்பினால் பவரை ஏற்றாதீர்கள். மோடு சரியா, ஆண்டெனா சரியா என்று பாருங்கள். க்யூஓ-100 கோளில் இதற்குக் காவல்காரரே உண்டு. அங்கே பீக்கனைவிடப் பலமாகப் போனால் லைலா என்ற ஏற்பாடு உங்கள் சிக்னல் மேலேயே சைரன் ஊதிவிடும். கேட்டதும் பவரைக் குறைக்க வேண்டியதுதான்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, அவர் நகரவே இல்லை

நீங்கள் நகருங்கள். டிஜிட்டல் நிலையம் என்றால் மைக்கில் கத்திப் பயனில்லை. கால் சைனை டீகோட் செய்து, அவருக்கு நிதானமாக ஒரு மின்னஞ்சல் போடலாம். நேரம், டயல், சைட்பேண்ட் மூன்றையும் குறிப்பிடுங்கள். கேரியர் (வெறும் அலை) போட்டு ஊதுவது, நடுவில் புகுந்து நாட்டாமை செய்வது இரண்டும் குறுக்கீட்டை இரட்டிப்பாக்கும். ஆளில்லாமல் ஓடும் கணினியாகவும் இருக்கலாம். உங்கள் கணினி அப்படி ஆகாமலிருக்க மென்பொருளின் டிரான்ஸ்மிட் வாட்ச்டாக்கை (ஆள் தொடாவிட்டால் அனுப்புவதைத் தானே நிறுத்தும் வசதி) அணைக்காதீர்கள்.

அறிகுறி: யாரோ "எமர்ஜென்சி டிராஃபிக்" என்கிறார்

மோடு எதுவானாலும் அனுப்புவதை நிறுத்துங்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமான் போயிருந்த குழு, உலகம் முழுக்க ஹாம்களோடு உற்சாகமாகத் தொடர்பு போட்டுக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி நிலநடுக்கமும் சுனாமியும் வந்ததும் அதே ரிக்கும் அதே ஆண்டெனாவும் போர்ட் பிளேயரிலிருந்து செய்தி அனுப்பும் வழியாக மாறின. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பலவீனமான குரலுக்கு மூன்று கிலோஹெர்ட்ஸ் சுத்தமான இடம் வேண்டும். 14.300 இதற்காக உலக அளவில் குறித்து வைத்த மையம், அதைச் சுற்றி எப்போதும் அடக்கம் வேண்டும். எஃப்டி8 ஓட்டுகிறவர் ஸ்பீக்கரைக் கொஞ்சமாவது திறந்து வைத்திருங்கள். நாற்பது மீட்டரில் நீங்கள் யூஎஸ்பியில் இருப்பதால் பேசுகிறவரின் குரல் வாத்து கத்துவது போலத்தான் கேட்கும். அப்படி விடாமல் ஒரு வாத்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஒருமுறை எல்எஸ்பிக்கு மாற்றி, என்ன சொல்கிறது என்று கேட்டுவிடுங்கள்.